நாலு ராத்திரிக்கு ஒருமுறை ஓடும் எலி: வளர்த்தவர்கள் பார்த்ததைச் சொல்லுங்கள்

சத்துவாச்சாரி
வெள்ளை எலி வளர்க்கிறவர்களுக்குக் கூண்டுக்குள் எலி ஏறி ஓடும் சக்கரத்தைப் பற்றி விளக்கத் தேவையில்லை. என்னிடம் இரண்டு பெட்டை, மிளகும் சீரகமும். சீரகம் சக்கரத்தின் பக்கமே போகாது, தின்றுவிட்டுத் தூங்கும். ஓடுவது மிளகு மட்டும். சைக்கிள் மீட்டர் ஒன்றைச் சக்கரத்தில் கட்டி, காலையில் எண்ணைக் குறித்துக்கொள்வேன். சாதாரண ராத்திரி இரண்டாயிரம், மூவாயிரம் சுற்று. மார்ச் 5ஆம் தேதி ஒன்பதாயிரத்துச் சொச்சம். அப்புறம் 9, 13, 18, 22. நடுவில் மறுபடி இரண்டாயிரம்தான்.

செவ்வாய்க்கிழமை சாம்பிராணி, கரண்ட் கட், கீழ்வீட்டு நாய் என்று எல்லாவற்றையும் சந்தேகப்பட்டேன். எதுவும் பொருந்தவில்லை. 26ஆம் தேதி ஓடும் என்று கணக்குப் போட்டு விழித்திருந்தேன். ஆயாவும் தூக்கம் வராமல் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது. பதினொன்றே முக்காலுக்கு மிளகு ஏறியது, இரண்டரை வரை ஓட்டம். நடுவில் ஒரே ஒருமுறை இறங்கி, கம்பியில் முன்காலை வைத்து எங்கள் இருவரையும் பார்த்தது. பார்த்துவிட்டு மறுபடி ஏறிவிட்டது. ஆயா சொன்னது, "அதுக்கும் நாளு கெழம இருக்குது நைனா."

என்ன நாள், என்ன கிழமை? அதுதான் மண்டையைக் குடைகிறது.

மல்லாட்டை குடியாத்தம்
நம்ம வீட்டில் சக்கரமெல்லாம் கிடையாது. ஒரே ஆண், பெயர் கணக்குப்பிள்ளை. பெயருக்கேற்ற ஆள். உரித்த பருப்பு கொடுத்தால் அங்கேயே தின்பான். ஓட்டோடு மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, கொடுத்தால் ஒவ்வொன்றாகத் தூக்கிப்போய்ப் பெட்டிக்குப் பின்னால் அடுக்குவான். ஒருநாள் நல்லதோடு ஒரு சொத்தையைக் கலந்து வைத்தேன். எடுத்தான், முன்கால்களில் உருட்டினான், முகர்ந்தான். பெட்டிப் பக்கம் போகவில்லை. கூண்டு வாசலுக்கு வந்து என் விரல் பக்கத்தில் போட்டான். கிழிந்த நோட்டைக் கடைக்காரர் திருப்பித் தருவாரே, அப்படி. இது ஒரு ஒழுங்குமுறை இல்லையென்றால் வேறென்ன?

பாகாயம் சந்தேகி
குடியாத்தம் அண்ணன் கோபித்துக்கொள்ளக் கூடாது. ஒருதரம் கீழே போட்டதை வைத்துத் திருப்பிக் கொடுத்தான் என்று சொல்ல முடியாது. பத்து நல்லது, பத்து சொத்தை, மாற்றி மாற்றி இருபது தடவை வைத்துப் பார்த்தீர்களா? நல்லதை வாசலில் போட்ட நாள் உங்கள் நினைவில் நின்றிருக்காது, சொத்தையைப் போட்ட நாள் நின்றுவிட்டது. ஸ்கின்னர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1948இல் பசித்த புறாக்களை வைத்து ஒன்று செய்தார். அவை என்ன செய்தாலும், சும்மா இருந்தாலும், குறிப்பிட்ட இடைவெளியில் தீனி வரும். கொஞ்ச நேரத்தில் ஒரு புறா வட்டமடிக்கத் தொடங்கியது, இன்னொன்று மூலையைப் பார்த்துத் தலையை நீட்டியது. தாம் அப்படிச் செய்வதால்தான் தீனி வருகிறது என்பதுபோல. கூண்டுக்கு வெளியே நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்திருக்கிறவர்களுக்கும் இது நடக்கும்.

எனக்கே நடந்தது. சாயங்காலம் சரியாக ஆறு மணிக்கு என் எலிகள் இரண்டும் கூண்டு வாசலில் நிற்கும். அவற்றுக்கு மணி தெரியும் என்று ஆபீஸ் முழுக்கச் சொல்லி வைத்திருந்தேன். ஒருநாள் வண்டி மெக்கானிக்கிடம் போனதால் பஸ்ஸில் வந்தேன். அதே ஆறு மணி. இரண்டும் சுருண்டு படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தன. வண்டிச் சத்தம்தான் அவற்றுக்கு மணி.

மல்லாட்டை குடியாத்தம்
இருபது தடவையா? கணக்குப்பிள்ளை போன தீபாவளிக்கு முன்னாடியே போய்ச் சேர்ந்துவிட்டான் தம்பி. இரண்டரை வயசு.

விலங்கியல் காட்பாடி
சத்துவாச்சாரிக்கு: உங்கள் நோட்டு சரி. பெட்டை எலிக்கு இனப்பெருக்கச் சுழற்சி நாலு அல்லது ஐந்து நாள். சினைக்கு வரும் அந்த ராத்திரியில் ஓட்டம் பல மடங்காகும். வாங் என்பவர் 1923லேயே வெள்ளை எலிகளைச் சக்கரத்தில் ஓடவிட்டு இதைத்தான் பதிவு செய்தார். உங்கள் கணக்கில் 13க்கு அப்புறம் 18 வந்திருக்கிறதே, ஐந்து நாள் இடைவெளி, அதுவும் இயல்புதான். வயதானால் சுழற்சி தடுமாறும், அப்போது சக்கரத்திலும் ஒழுங்கு போய்விடும்.

என்னை அரிப்பது வேறு. ஊரிலிருந்து ஆற்காடு மக்கன் பேடா வந்திருந்தது. ஒரு துணுக்கை ஒருத்திக்கு மட்டும் கொடுத்தேன். புதுத் தீனி என்றால் எலி லேசில் தொடாது, தின்றது ஒத்துக்கொள்ளாவிட்டால் எலியால் வாந்தி எடுக்க முடியாதே. ஆனாலும் இவள் தின்றுவிட்டாள். பக்கத்துக் கூண்டிலிருந்து மற்றவளை எடுத்து விட்டதும் அவள் நேராகப் போய் இவள் வாயோடு மூக்கை வைத்து நின்றாள். அரை நிமிஷம் இருக்கும், இவளும் அசையவில்லை. பிறகு இரண்டு கிண்ணம் வைத்தேன், இரண்டிலுமே அவள் அதுவரை பார்க்காத தீனி. பேடா கிண்ணத்துக்கே போனாள். ஒன்றின் மூச்சை முகர்ந்து எதைத் தின்னலாம் என்று மற்றது கற்றுக்கொள்ளும் என்று பாடத்தில் படித்தது, பரீட்சையிலும் எழுதினேன். அந்த அரை நிமிஷத்தை நேரில் பார்ப்பேன் என்று நினைக்கவில்லை.

வாலாஜா அக்கா
என் எலி ஒருநாள் என் உள்ளங்கையில் உட்கார்ந்து பல்லை நறநறவென்று தேய்த்தது, கண் வெளியே வந்து வந்து போனது. வலிப்பு என்று அலறிவிட்டேன். சந்தோஷமாம். அவ்வளவுதான் என் கதை.

ஆனால் இங்கே சிலது சொல்லியாக வேண்டும். எலிக்குப் பேடா கொடுக்கிறீர்களே, சர்க்கரை! கேழ்வரகுக் களி ஒரு உருண்டை வையுங்கள், போதும். குடியாத்தம் தம்பி ஒற்றை எலியாக வளர்த்ததும் தப்பு, குறைந்தது இரண்டு எலியாவது வேண்டும், கூட்டமாக வாழ்கிற ஜீவன். அக்னி நட்சத்திரம் வருகிறது. நம்ம வேலூர் வெயிலை எலி தாங்காது, அதற்கு உடம்பெல்லாம் வியர்க்காது, வால் வழியாகத்தான் சூட்டை விடும். பாட்டிலில் தண்ணீரை உறைய வைத்துத் துணி சுற்றிக் கூண்டில் போடுங்கள். மரத்தூள் போடாதீர்கள், தூசியும் மூத்திர நெடியும் சேர்ந்து நெஞ்சுக்கு ஆகாது, பழைய பேப்பரைக் கிழித்துப் போட்டு அடிக்கடி மாற்றுங்கள். கண்ணோரம் சிவப்பாக வடிந்தால் ரத்தம் என்று பயப்பட வேண்டாம், அது நிறமி. ஆனால் அடிக்கடி வந்தால் நோயோ பயமோ இருக்கிறது என்று அர்த்தம். வாலைப் பிடித்துத் தூக்காதீர்கள். சக்கரம் கம்பிச் சக்கரமாக இருந்தால் இன்றைக்கே மாற்றுங்கள், வால் மாட்டும். கடித்த பிறகு காய்ச்சல் வந்தால் டாக்டரிடம் எலி கடித்ததை மறைக்காதீர்கள்.

பாகாயம் சந்தேகி
அக்கா, அவர் மருத்துவம் கேட்கவில்லை.

வாலாஜா அக்கா
கேட்டால்தான் சொல்ல வேண்டுமா?

ஆரணி வரப்பு
வளர்ப்பு எலி இல்லை, வயலெலி. இங்கே போடலாமா தெரியவில்லை. அறுப்பு முடிந்ததும் இருளர் பெரியவர் ஒருவர் எங்கள் நிலத்துக்கு வருவார். சட்டியில் வைக்கோல் புகை போட்டு வளைக்குள் ஊதுவார்கள். நான் சின்னப் பையன், வளை வாய்க்கு நேரே குச்சியோடு நின்றேன். பெரியவர் என் தோளைப் பிடித்து எட்டடி தள்ளி, ஒன்றுமே இல்லாத வரப்பில் நிறுத்தினார். குதிகாலால் தட்டினார். மண் பொசுக்கென்று உள்ளே போனது. தப்பிக்க வைத்திருக்கும் வழியை எலி மேலாக லேசாக மூடி வைத்திருந்ததாம். எப்படித் தெரியும் என்று கேட்டேன். "அது நெனச்சா எங்க வரும்னு பாத்தேன்" என்றார். கொஞ்ச நேரத்தில் என் கால் பக்கத்தில்தான் வந்தது. நான்தான் பயந்து விட்டுவிட்டேன்.

சத்துவாச்சாரி
காட்பாடி சாருக்கு நன்றி. அக்கா, சக்கரம் கம்பி இல்லை, பிளாஸ்டிக். காரணத்தை ஆயாவிடம் எப்படிச் சொல்வது என்று இரண்டு நாள் தயங்கினேன். சுற்றி வளைத்து ஒருவழியாகச் சொல்லி முடித்தேன். "அதத்தாண்டா நானும் சொன்னேன், உனக்குத்தான் வெளங்கல" என்று வெற்றிலையை மடித்தது.

நேற்று நாலாம் ராத்திரி. 8,740.