கேள்வி-பதில் தளம் திறந்து மூன்று மாதம் ஆகிறது, ஒருத்தரும் கேள்வி கேட்பதில்லை

செக்காலைத் தம்பி
வணக்கம். சென்னைக் கம்பெனி ஒன்றுக்குக் காரைக்குடியில் இருந்தபடியே வேலை பார்க்கிறேன். ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து செட்டிநாட்டு விஷயங்களுக்கென்றே ஒரு கேள்வி-பதில் தளம் செய்தேன். வீடு, சமையல், சடங்கு, கோவில், பழைய சாமான், கண்டாங்கிச் சேலை என்று மொத்தம் 14 பிரிவு. ஓட்டு, புள்ளி, பதக்கம் எல்லாம் உண்டு. மூன்று மாதத்தில் 63 பேர் சேர்ந்தார்கள், அதில் பாதிக்கு மேல் சொந்தக்காரர்கள். கேள்வி 41, அதில் 29 நானே போட்டது, இன்னும் நாலு "ஹலோ டெஸ்ட்".

ஜெராக்ஸ் கடையில் நோட்டீஸ் ஒட்டினேன். வாட்ஸ்அப் குரூப் எல்லாவற்றிலும் லிங்க் போட்டுத் திட்டு வாங்கினேன். பத்துப் பதில் எழுதினால் நூறு ரூபாய் ரீசார்ஜ் என்று சொல்லிப் பார்த்தேன், அந்த சனி ஞாயிறில் மட்டும் நாற்பது பதில் வந்தது, எல்லாம் "அருமையான கேள்வி" ரகம், மிச்சம் எங்கிருந்தோ வெட்டி ஒட்டியது. நிறுத்திவிட்டேன். ஆனால் அதே ஆட்கள் வாட்ஸ்அப்பில் நடுராத்திரி வரை கவுனி அரிசியை எத்தனை மணி நேரம் ஊறவைப்பது என்று சண்டை போடுகிறார்கள்! ஃபேஸ்புக்கில் ஐயாயிரம் ரூபாய்க்கு விளம்பரம் கொடுக்கலாமா?

கோட்டையூர்க்காரன்
விளம்பரம் வேண்டாம் தம்பி. பந்தியில் இலையே போடாமல் ஊரைச் சாப்பிடக் கூப்பிடுகிற கதை அது. வருகிறவன் காலியாகக் கிடப்பதைப் பார்த்துவிட்டுப் போவான், மறுபடி வரமாட்டான்.

இணையதளங்களை ஜனங்கள் எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று ஆராய்கிற யாக்கோப் நீல்சன் 2006இல் ஒரு கணக்கு எழுதினார். இந்த மாதிரி இடங்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் சும்மா படித்துவிட்டுப் போவார்கள், ஒன்பது பேர் எப்போதாவது எழுதுவார்கள், ஒரே ஒரு ஆள்தான் விடாமல் எழுதுவார். உனக்கு 63 பேர். அந்த ஒரு ஆள் நீதான், வேறு யாரும் இல்லை. அதனால் தலையை எண்ணாதே, பதில் சொல்லக்கூடிய பத்துப் பேரைப் பிடி. ஸ்டாக் ஓவர்ஃப்ளோ என்கிற புரோகிராமர்களுக்கான கேள்வி-பதில் தளத்தை 2008இல் திறந்தபோது ஜோயல் ஸ்போல்ஸ்கி, ஜெஃப் அட்வுட் ரெண்டு பேருக்குமே ஏற்கெனவே வாசகர் கூட்டம் இருந்தது, அதுவும் எல்லாரும் புரோகிராமர்கள். அப்புறம் 2010இல் மற்ற துறைகளுக்கும் தளம் தொடங்க வழிவிட்டபோதும், முதலில் "நான் வந்து எழுதுகிறேன்" என்று போதுமான ஆட்கள் உறுதி கொடுக்க வேண்டியிருந்தது, அவர்களுக்கு மட்டும் கொஞ்ச நாள் திறந்திருந்தது, ஊருக்குத் திறந்ததெல்லாம் அதற்குப் பிறகுதான்.

நீ 14 அறை கட்டி எல்லாவற்றையும் பூட்டியே வைத்திருக்கிறாய். ஒன்றை வைத்துக்கொண்டு பாக்கியை எடுத்துவிடு. என்னைக் கேட்டால் வீடு. சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருந்துகொண்டு இங்கே பூட்டிய வீட்டை நினைத்துத் தூங்காதவர்கள் எத்தனை பேர்!

ரீசார்ஜ் கதையும் புதிதில்லை. கூகுளே 2002இல் காசுக்குப் பதில் சொல்லும் சேவை தொடங்கி 2006இல் மூடிவிட்டது.

பள்ளத்தூர் ஆச்சி
தம்பி, உங்கள் லிங்க் எனக்கும் வந்தது. திறந்தால் ஈமெயில் கேட்டது, பாஸ்வேர்டு கேட்டது, அதையே இன்னொரு தரம் கேட்டது, அப்புறம் டிராஃபிக் லைட் படத்தையெல்லாம் தொடச் சொன்னது. கண்ணாடியை எடுத்து மாட்டுவதற்குள் எல்லாம் போய்விட்டது. எனக்கு 67 வயது, எனக்கு எதற்குப் பதக்கம்?

இன்னொன்று. "வந்து சேருங்கள்" என்று நாலு தரம் அனுப்பினீர்களே, ஒரு தரமாவது என்னிடம் ஏதாவது கேட்டீர்களா? முந்தாநாள் ஒரு பெண் வாட்ஸ்அப்பில் வெள்ளைப் பணியாரம் எண்ணெய் குடிக்கிறதே என்று என் பேரைச் சொல்லிக் கேட்டாள். ஆழாக்குப் பச்சரிசியைத் தலைதட்டி அளந்து, அதன் மேலேயே உளுந்தைக் கோபுரமாகக் குவித்தால் எவ்வளவு நிற்குமோ அவ்வளவுதான் உளுந்து, நீ கூடப் போட்டிருப்பாய், மாவையும் நீர்க்க ஆட்டியிருப்பாய் என்று அடுப்படியில் நின்றபடியே பேசி அனுப்பினேன். ரெண்டு நிமிஷ வேலை. பேரைச் சொல்லிக் கேட்டால் யாருக்குத்தான் சொல்லாமல் இருக்கத் தோன்றும்?

பழைய விக்கி ஆள்
ஆச்சி சொன்னதில்தான் விஷயமே இருக்கிறது. தமிழ் விக்கிப்பீடியாவில் நாலைந்து வருஷம் எழுதினேன், பொதுவாக எல்லாரையும் அழைத்து வந்தவர்களைவிட, "இந்தக் கட்டுரையில் உங்கள் ஊர் பற்றிய பத்தி தப்பாக இருக்கிறது, பாருங்கள்" என்று சொல்லி வந்தவர்கள்தான் நிலைத்தார்கள்.

வீடு என்று முடிவு செய்தால் ஒரு சிக்கல். பதில் தெரிந்தவர் கொத்தனார், ஆசாரி. சுண்ணாம்புப் பூச்சு பற்றி அவருக்குத் தெரியாதது இல்லை, ஆனால் டைப் அடிக்கமாட்டார். நீங்கள் போங்கள், போனில் பதிவு செய்யுங்கள், அவர் சம்மதித்தால் அவர் பெயரிலேயே எழுதிப் போடுங்கள். அப்புறம் தலைப்பு. "தரைப் பராமரிப்பு வழிமுறைகள்" என்று யாரும் தேடுவதில்லை, "ஆத்தங்குடி கல் மங்கிவிட்டது என்ன செய்ய" என்றுதான் தேடுகிறார்கள். ஜனங்கள் வாயில் வருகிற மாதிரியே கேள்வியை வையுங்கள், கூகுள் கொஞ்சம் கொஞ்சமாக ஆளைக் கொண்டுவரும். வந்தவர் கேட்ட முதல் கேள்விக்கு அன்றைக்கே பதில் வந்தாக வேண்டும், அது உங்கள் பொறுப்பு.

பொய்ப் பெயரில் கேள்வி போடும் யோசனை வந்தால் விட்டுவிடுங்கள். ரெட்டிட் என்கிற அமெரிக்க விவாதத் தளத்தைத் தொடங்கியவர்கள் 2005இல் அப்படிப் போட்டதாக அவர்களே பிறகு சொன்னார்கள், அது முகம் தெரியாத கூட்டம். இங்கே மூணாவது கேள்வியிலேயே "இது செக்காலைத் தம்பி எழுத்தாச்சே" என்பார்கள்.

செக்காலைத் தம்பி
எல்லாருக்கும் நன்றி. 13 பிரிவைத் தூக்கிவிட்டேன், கொஞ்சம் வயிறு எரிந்தது. பதிவு செய்யாமலே கேட்கலாம், பதிலைக் குரலில் அனுப்பினால் நான் எழுதிப் போடுகிறேன் என்று மாற்றுகிறேன். ஞாயிற்றுக்கிழமை எங்கள் தெருக் கொத்தனாரைப் பார்க்கப் போகிறேன். ஆச்சி, சமையலை எடுத்ததில் கோபம் இல்லையே?

பள்ளத்தூர் ஆச்சி
கோபமெல்லாம் இல்லை. வீடுதானே, எனக்கே ஒன்று கேட்க வேண்டும். வளவில், முற்றத்தைச் சுற்றி, ஆத்தங்குடி கல் நாலைந்து இடத்தில் வெள்ளையாகப் பூத்துக் கிடக்கிறது. வேலை செய்கிற பெண் ஆசிட் வாங்கி வைத்திருக்கிறாள், நாளைக்கு ஊற்றிக் கழுவலாம் என்கிறாள். ஊற்றலாமா?

கோட்டையூர்க்காரன்
ஐயோ ஆச்சி, ஊற்றிவிடாதீர்கள்! அது சிமெண்டுக் கல், மேலே இருக்கிற நிறத்தை ஆசிட் அரித்துவிடும், பூ வேலைப்பாடெல்லாம் போய்விடும். வெள்ளை கீழிருந்து ஈரத்தோடு ஏறுகிற உப்பு. வெறும் தண்ணீரில் துடைத்து நன்றாகக் காயவிட்டு, துணியில் ரெண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெய் விட்டுத் தேயுங்கள். திரும்பத் திரும்பப் பூத்தால் முற்றத்துத் தண்ணீர் எங்கே தேங்குகிறது என்று பார்க்க வேண்டும்.

தம்பி, இதை அப்படியே எடுத்து உன் தளத்தில் போடு. ஆச்சி கேட்ட வார்த்தையை மாற்றாதே.