செத்த குட்டியின் தோலைப் போர்த்திவிட்டபோது

பட்டிக்கம்பு:
ஆட்டோட சொந்தக் குட்டி செத்து மூணு மணி நேரம். அதுகிட்ட வேறொரு தாயில்லாக் குட்டியை விட்டதும் ரெண்டு தடவை முட்டித் தூக்கி எறிஞ்சது. செத்த குட்டித் தோலை உரிச்சு, நாலு காலுக்கு நாலு ஓட்டை, தாயில்லாக் குட்டிக்குச் சட்டை மாதிரி மாட்டியாச்சு, வாலோட. ஆடு முகத்தைப் பார்க்கவே இல்லை, நேரா வாலடியை மோந்துச்சு. தலை தாழ்ந்தது. அடுத்து முட்டுதான்னு பார்த்தா, அடித்தொண்டையில முனகிட்டுக் காலை அகட்டி நின்னுச்சு! தோலைக் கழட்டினது அஞ்சாம் நாள்.

ரெண்டாம்ஈத்து:
அஞ்சு நாளா? வெயில் காலத்துல மூணாம் நாளே தோல் அழுகி ஈ மொய்க்கும், குட்டி மேல புழு இறங்கும். ரெண்டு நாள் அந்த ஆட்டுப்பால் குடிச்சாலே குட்டியோட சாணத்துல அதோட வாசம் வந்துடும். தோலோட முன்பாதியை முதல்ல வெட்டி எடுங்க, வால்துண்டு கடைசியா. குட்டி நோயில செத்திருந்தா தோலை உரிக்கவே கூடாது. கரு கலைஞ்சு விழுந்ததுன்னா வெறுங்கையால தொடவும் கூடாது, மனுஷனுக்கும் தொத்தும்.

மேய்ச்சல்தரை:
ஈனுற ஆடு பக்கத்துல இருந்தா தோலே வேண்டாம். பனிக்குடத் தண்ணியில குட்டியை முக்கி மூக்குக்குக் கீழ வைங்க. குட்டி நாலு நாள் வயசா இருந்தா காலைத் தளர்வாக் கட்டணும். துள்ளி ஓடுற குட்டியை அப்போ ஈன்றதுன்னு எந்த ஆடும் நம்பாது.

யாரும் கேக்கலை, இருந்தாலும் சொல்றேன். ஒட்டவைக்கிற அவசரத்துல சீம்பாலை மறந்துடாதீங்க. பிறந்த ஆறு மணி நேரத்துக்குள்ள போகணும், ஒரு நாள் தாண்டினா குடல் எதிர்ப்புச்சத்தை உறிஞ்சாது. கிலோவுக்கு 50 மில்லி ஒரு வேளைக்கு. 4 கிலோ குட்டிக்கு 200, நாள் முழுக்க 800. அடுப்புல வச்சா திரிஞ்சு கட்டியாயிடும், சூடான தண்ணிக்குள்ள பாத்திரத்தை வச்சுத்தான் வெதுவெதுப்பாக்கணும். முதல்ல வாய்க்குள்ள விரல் விட்டுப் பாருங்க. வாய் சில்லுன்னு இருந்தா ஊட்டாதீங்க, விழுங்கத் தெம்பு இருக்காது, பால் நுரையீரலுக்குப் போயிடும். குட்டியைச் சூடாக்கிட்டு அப்புறம் பால்.

இன்னொண்ணு, முட்டுற ஆட்டோட மடியைத் தொட்டுப் பார்த்தீங்களா? ஒரு பக்கம் கல்லு மாதிரி சூடா இருந்தா மடிநோய். வலியில உதைக்கிறதை வெறுப்புன்னு நினைச்சுடக்கூடாது.

ஒட்டகத்தடம்:
ஆடு தேவலை. மங்கோலியாவுல கன்றை ஒதுக்குற ஒட்டகத்தைக் கன்று பக்கத்துலயே கட்டி, ‘ஹூஸ்’னு ஒரே சொல்லைக் குதிரைத்தலை செதுக்கின வயலின் மாதிரி வாத்தியத்தோட திரும்பத் திரும்பப் பாடுவாங்க. 2015ல யுனெஸ்கோவோட அவசரப் பாதுகாப்புப் பட்டியல்ல அது ஏறிடுச்சு.

பட்டிக்கம்பு:
அஞ்சு நாள் தப்புதான், நாத்தம் பொறுக்கலை. மடி சரியாத்தான் இருந்துச்சு. தோலைக் கழட்டினதும் மறுபடி வாலடியைத்தான் மோந்தது, ரொம்ப நேரம். அப்புறம் குடிக்க விட்டுச்சு.