அலுவலக மாடிப்படியில் தினமும் சிகரெட், யாரிடம் சொல்வது?

கேள்வி: இளநிலை உதவியாளர்
மதுரைக்கு வெளியே ஓர் அரசு அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். பதிவறைக்கு ஏறும் படித் திருப்பத்தில் ஜன்னலோரமாக, மதியச் சாப்பாடு முடிந்ததும் மூன்று நாலு பேர் பற்றவைத்துவிடுகிறார்கள், அதில் எங்கள் கண்காணிப்பாளரும் ஒருவர். ஜன்னல் திண்டில் ஒரு டீ கிளாஸ், அதற்குள் பாதிவரை துண்டுகள். பத்தடி தள்ளிச் சிவப்புத் துணியில் கட்டிய பழைய கோப்புகள். போன வாரம் கைக்குழந்தையோடு வந்த ஒரு பெண் முந்தானையால் பிள்ளையின் மூக்கைப் பொத்திக்கொண்டு படியேறினார், எனக்கு மனசே ஆறவில்லை. கேட்டால் "காத்து வர்ற இடம்தானம்மா" என்கிறார்கள். அப்படி விலக்கு இருக்கிறதா? புகார் கொடுத்தால் என்னை மாற்றிவிடுவார்களோ என்றும் பயம்.

பதில்: ஓய்வுபெற்ற சுகாதார ஆய்வாளர்
இல்லை தங்கச்சி. 2003 புகையிலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 4-ஆம் பிரிவின்படி அரசு அலுவலகமும் பொது இடம்தான். 2008 அக்டோபர் 2 முதல் நடப்பில் உள்ள விதிகள் இன்னும் கறார், பேருந்து நிலையத்தைக்கூடத் திறந்தவெளி என்று சொல்லித் தப்பிக்க முடியாது, மாட்டுத்தாவணியிலேயே பிடிக்கக் கூடாது என்னும்போது மாடிப்படி எந்த மூலை? 30 அறைக்குக் குறையாத ஓட்டல் புகைப்பதற்கென்று தனி இடம் ஒதுக்கலாம், உங்கள் அலுவலகத்துக்கு அதுவும் கிடையாது. அபராதம் 200 ரூபாய் வரை. வாசலில் 60-க்கு 30 சென்டிமீட்டர் பலகை, அதில் புகார் வாங்குபவர் பெயர் இருக்க வேண்டும். புகார் வந்தும் பொறுப்பாளர் சும்மா இருந்தால், எத்தனை குற்றமோ அத்தனைக்கும் அபராதம் அவர் தலையில். சாம்பல் கிண்ணமும் வைக்கக் கூடாது, அந்த டீ கிளாஸை முதலில் எடுக்கச் சொல்லுங்கள்.

பதில்: ஜீப் ஓட்டுநர், உசிலம்பட்டி
நானும் 19 வருஷம் பிடித்தவன்தான். புதிதாக வந்த அதிகாரியம்மா ஒருநாள் எங்கள் பிரிவுத் தலைவரிடமே 200 ரூபாய் வாங்கி ரசீது கிழித்துக் கொடுத்தார், மறுநாளிலிருந்து எல்லோரும் கேட்டைத் தாண்டி டீக்கடைக்குப் போய்விட்டோம். மேலே இருப்பவர் நிறுத்தாமல் கீழே நிற்காது அக்கா. அப்புறம், விட நினைப்பவர்களுக்கு 1800-11-2356, இலவசம். நான் விட்டு எட்டு மாதம்.

பதில்: தபால் பிரிவு
தனியாகக் கையெழுத்துப் போடாதீர்கள். ஐந்தாறு பேர் சேர்ந்து கொடுங்கள், ஆள் பெயர் வேண்டாம், பதிவறைக்குத் தீ ஆபத்து என்று எழுதித் தபாலில் எண் போட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

கேட்டவர்
நன்றி அண்ணே, நாலு பேர் சரி என்று சொல்லிவிட்டார்கள். இன்று வாசலில் போய்ப் பார்த்தேன். பலகை இருக்கிறது, பெயர் எழுத வேண்டிய இடம் மட்டும் காலி. அதையும் மனுவில் சேர்த்துவிட்டேன்.