சரிவு ஊசி சாயவே மாட்டேங்குது, அவசர உதவி

ஊசிமுனை:
நாளைக்கு மகளுக்கு அறிவியல் கண்காட்சி. பூமியின் காந்தப்புலம் தரைமட்டத்திலிருந்து எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று காட்டும் சரிவு ஊசி செய்கிறோம். வீடியோவைப் பார்த்து கோணி ஊசியை கார்க்கில் குத்தி, குறுக்கே குண்டூசிகளை அச்சாக வைத்து, இரண்டு டம்ளர் விளிம்பில் நிறுத்தினோம். வீடியோவில் வடமுனை சரசரவென்று கீழே போகிறது. எங்கள் ஊசி படுத்த படுக்கையாகக் கிடக்கிறது. சீக்கிரம் சொல்லுங்கள்.

வயர்மேன்:
எந்தக் காந்தத்தால் தேய்த்தீர்கள்? ஒரே திசையிலா? முன்னும் பின்னுமாகத் தேய்த்தால் காந்தம் ஏறாது.

கடலோரம்:
டம்ளர் கண்ணாடியா, எவர்சில்வரா?

ஊசிமுனை:
பழைய ஸ்பீக்கர் காந்தம், ஒரே திசைதான். கண்ணாடி டம்ளர்.

பழைய வாத்தியார்:
காந்தச் சரிவு என்றால் என்ன என்று படித்துவிட்டுக் கேட்டால் நல்லது. காந்தம் ஏற்றும் முன்பே ஊசியைச் சமன் செய்ய வேண்டும். ஏற்றிய பிறகு கார்க்கை நகர்த்தினால் சரிவு அதோடு மறைந்துவிடும். ஊசி வடக்கு தெற்காகவும் இருக்க வேண்டும். அடிப்படை இது.

ஊசிமுனை:
முதலிலேயே சமன் செய்தாச்சு சார். வடக்கு தெற்குதான்.

மலைக்காத்து:
அது சரி, எந்த ஊர்?

ஊசிமுனை:
கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சி. அதற்கும் இதற்கும் என்ன?

வயர்மேன்:
அப்போ உங்க கடற்கரைக் கருமணல்தான்! ஊசி குழம்பிப் போச்சு.

பழைய வாத்தியார்:
அந்த மணலில் உள்ள இல்மனைட் என்ற தாது காந்தத்துக்கு லேசில் மசியாது. ஆலையில் வலுவான காந்தம் வைத்துத்தான் பிரிக்கிறார்கள்.

வயர்மேன்:
காந்தத்தை மணலில் புரட்டினால் தாடி மாதிரி ஒட்டுமே, பார்த்ததே இல்லையா?

பழைய வாத்தியார்:
அது மேக்னடைட், மணலில் கலந்திருக்கும் இரும்புத் தாது. ஒட்டுவது வேறு, ஊசியைத் திருப்புவது வேறு.

மலைக்காத்து:
மணலை விடுங்க மக்கா. ஊசி சரியாகத்தான் இருக்கிறது. காந்தத் துருவத்தில் அது 90 பாகையில் செங்குத்தாக நிற்கும். இரண்டு துருவங்களுக்கும் நடுவே பூமியைச் சுற்றிப் போகும் காந்த நடுக்கோட்டில் மட்டமாகக் கிடக்கும். அந்தக் கோடு நம்ம பக்கமாகத்தான் போகிறது. 1963-ல் ராக்கெட் விட திருவனந்தபுரம் பக்கத்துத் தும்பாவைத் தேர்ந்தெடுத்ததே அதனால்தான். வீடியோக்காரர் லண்டன் பக்கம் என்றால் அவருக்கு ஏறத்தாழ 66 பாகை சாயும். சந்தேகம் இருந்தால் எதிர்த்திசையில் தேய்த்து முனைகளை மாற்றிப் பாருங்கள். அப்போதும் மட்டமாக நின்றால் சமன் செய்ததும் சரி, இங்கே சரிவு சுழிக்குப் பக்கம் என்பதும் சரி.

ஊசிமுனை:
மாற்றித் தேய்த்தோம். மட்டம்தான். ‘நம்ம ஊரில் சாயாது, ஏன்?’ என்று அட்டை எழுதிக்கொண்டிருக்கிறாள். நன்றி.

வயர்மேன்:
எதற்கும் மணல் இல்லாத இடமாக, தக்கலையில் ஒரு தடவை வைத்துப் பாருங்கள்.