மறு: சைற்றோகைனுக்குத் தமிழ்: ‘எதிர்ப்பு’ வேண்டாம், ‘கலத்தூது’ போதும்

அன்பின் நண்பர்களுக்கு,

உடலின் கலங்கள் (செல்கள்) ஒன்றுக்கொன்று செய்தி சொல்ல விடும் சிறு புரதங்கள்தான் சைற்றோகைன் (cytokine). அதற்குத் தமிழ்ப் பெயர் தேடும் இந்த இழையில் வந்த யோசனைகளுக்கு என் பதில் இது.

> நோயெதிர்ப்புத் தொகுதி சுரப்பதுதானே, ‘எதிர்ப்புத் தூது’ என்று முடித்துவிடலாம்.

முடித்துவிடலாம், மூளைப் பக்கம் தலைகாட்டாமல் இருந்தால். அங்கே போனதும் இந்தப் பெயர் காலை வாரிவிடும். இன்ரலூக்கின்-1 பீற்றா என்ற சைற்றோகைனை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் செய்தியைக் கலத்தில் பெறும் வாங்கி (receptor) இல்லாத சுண்டெலிகளை நீர்த்தொட்டியில் விட்டால், தண்ணீருக்கடியில் மறைந்திருக்கும் மேடை எந்தப் பக்கம் என்பது அவற்றுக்குச் சரியாகப் பதிவதில்லை. ஏற்கெனவே ஏறி நின்ற மேடையை மறுபடி தேடி நீந்துகின்றன. அதாவது மூளையின் நினைவுப் பகுதியான இப்போகாம்பசில் நினைவு பதிய இந்தப் புரதம் கொஞ்சமாவது வேண்டும். அளவுக்கு மிஞ்சினாலோ அதே புரதம் நினைவைக் கெடுக்கிறது. நரம்பிணைப்புகள் நீண்டநேரம் வலுப்பெற்று நிற்பதைத் தடுக்கிறது.

ரி.என்.எவ் அல்பா (TNF-α) என்ற இன்னொரு சைற்றோகைனும் சும்மா இருப்பதில்லை. மூளையில் நரம்புக்கலங்களுக்குத் துணைநிற்கும் கிளியாக் கலங்கள் விடும் ரி.என்.எவ், நரம்புக்கலத்தின் மேற்பரப்பில், நரம்புச் செய்தி கடத்தும் குளூற்றமேற்றுக்கான வாங்கிகளைக் கூட்டுகிறது. மூளையுறையில் இருக்கும் ஒருவகை ரி கலங்கள் (நோயெதிர்ப்புக் கலங்கள்) விடும் இன்ரலூக்கின்-17, குறுகியகால நினைவுக்குக் கைகொடுப்பதை 2019 இல் சுண்டெலிகளில் காட்டினார்கள். கிருமியே இல்லாத இடத்தில் யாரை எதிர்க்கிறது?

> ‘அழற்சித் தூது’?

இன்ரலூக்கின்-10 அழற்சியைத் தணிப்பது. அதை ‘அழற்சி தணிக்கும் அழற்சித் தூது’ என்று சொல்ல வேண்டிவரும். விடுங்கள்.

> கிரேக்க மூலம் கலம், இயக்கம். ‘கலவியக்கி’ நேரானது.

நேரானதுதான். 1974 இல் நோயெதிர்ப்பு ஆய்வாளர் ஸ்ரான்லி கோகன் வைத்த பெயரின் பொருளும் அதுதான். ஆனால் ஐயா, புணர்ச்சி விதி உங்கள் பக்கம் நின்றாலும் வகுப்பு நிற்காது. உட்துறைமுக வீதிப் பக்கம் நான் எடுக்கும் உயர்தர உயிரியல் வகுப்பில் பலகையில் எழுதிப் பார்த்தேன். கடைசி வாங்குப் பொடியன்கள் முதல் மூன்று எழுத்தோடு வாசிப்பை நிறுத்திக்கொண்டார்கள். அப்புறம், சைற்றோகைன்கள் கட்டுமீறிப் பெருகும் ‘சைற்றோகைன் புயலுக்கு’ ‘கலவியக்கிப் புயல்’ என்று ஒரு பத்திரிகை தலைப்புப் போட்டால் நிலைமை என்ன?

என் முன்மொழிவு ‘கலத்தூது’. ஒரு கலம் அனுப்புகிறது, இன்னொரு கலம் பெறுகிறது. நல்லது செய்யுமா கெட்டது செய்யுமா என்று பெயர் முன்கூட்டியே தீர்ப்புச் சொல்வதில்லை. பெறும் முனைக்கு ‘வாங்கி’ என்று எங்கள் பாடநூல்களில் ஏற்கெனவே இருக்கிறது. ஓமோனும் தூதுதானே என்று கேட்கலாம். ஓமோனுக்குப் பெயர் ஊன்றிவிட்டது, அதைச் சுரக்கப் பெரும்பாலும் தனிச் சுரப்பியும் உண்டு. கலத்தூதை எத்தனையோ வகைக் கலங்கள் விடுகின்றன, பெரும்பாலும் பக்கத்திலேயே வேலை செய்கின்றன. தமிழகத்து நண்பர்கள் ‘செல்’ என்பீர்கள், சரி. ஆனால் ‘செல்தூது’ என்றால் கைப்பேசியில் வந்த செய்தி போல இருக்கிறது.

சொல் ஓடுகிறதா என்று பார்க்க எங்கள் ஊர் விஷயத்தையே எடுத்தேன். 2017 இல் திருகோணமலைப் பக்கத்துக் கிண்ணியாவில் டெங்கு கொட்டமடித்தது நினைவிருக்கும். கடும் காய்ச்சலில் படுத்தெழும்பியவர்கள் “சாவியை எங்க வச்சனான்” என்று தேடுவதை இங்கே கேட்கலாம். அவர்களுக்கு இப்படி எழுதலாம்: “காய்ச்சலின்போது இரத்தத்தில் கலத்தூதுகள் பெருகுகின்றன. அந்தச் செய்தி இரத்தம் வழியாகவும் உள்ளுறுப்புகளை மூளையோடு இணைக்கும் அலையும் நரம்பு வழியாகவும் மூளைக்கு எட்டுகிறது. அங்குள்ள நோயெதிர்ப்புக் கலங்களான நுண்கிளியாக் கலங்களும் தம் பங்குக்குக் கலத்தூதுகளை விடுகின்றன. சோர்வும் கவனக்குறைவும் மறதியும் வருவதில் இவற்றுக்குப் பங்குண்டு.” எங்கேயும் தடக்கவில்லை. ‘எதிர்ப்புத் தூது’ போட்டு வாசித்துப் பாருங்கள், எதிர்ப்பு நினைவை ஏன் கெடுக்கிறது என்று விளக்கவே இன்னொரு பந்தி வேண்டும்.

கலங்களை ஈர்க்கும் கெமோகைனுக்கு ‘ஈர்ப்புத்தூது’ வைக்கலாம். இன்ரலூக்கின்களை எண்ணோடு அப்படியே விடுவோம்; அந்தப் பட்டியலைத் தமிழாக்கப் புகுந்தால் ஆயுள் போதாது. வாட்டில் வேலை செய்யும் மருத்துவ நண்பர்கள் மேலேயுள்ள வாக்கியங்களை நோயாளிகளிடம் சொல்லிப் பார்த்து எழுதுங்கள். இன்ரபெரோன் என்ற சைற்றோகைனை மட்டும் இந்த இழையில் இழுக்க வேண்டாம், அதற்குத் தனியாகச் சண்டை போடுவோம்.

அன்புடன்,
திருகோணமலையிலிருந்து ஓர் உயிரியல் வாத்தி