சோறு கூடாது, 7 மணிக்கு மேல கூடாது: இந்த டயட் விதிகளுக்கு என்ன காரணம்?

கீரைக்கட்டு:
எடை குறைக்கத் தர்ற சார்ட்ல பெரும்பாலும் இது ரெண்டும் இருக்கு. சோறு அறவே கூடாது, பதிலுக்கு ரெண்டு சப்பாத்தி. ராத்திரி 7 மணிக்கு மேல எதுவும் கூடாது. முதல் வாரம் ரெண்டு கிலோ இறங்கும், அப்புறம் முள்ளு நகராது. உடம்புக்குள்ள என்னதான் நடக்குது?

தராசு:
முதல் வாரம் இறங்குறது பெரும்பாலும் தண்ணி. ஈரல், தசை ரெண்டுலயும் சேர்த்து 400, 500 கிராம் கிளைகோஜன், அதாவது உடம்பு சேமிச்சு வைக்கிற மாவுச்சத்து, இருக்கும். ஒவ்வொரு கிராமும் சுமார் 3 கிராம் தண்ணியைப் பிடிச்சு வச்சிருக்கும். மாவுச்சத்தைக் குறைச்சதும் ரெண்டும் சேர்ந்து இறங்கும். ஒரு கிலோ கொழுப்பு கரையவோ சுமார் 7,700 கலோரி குறையணும். தினம் 500 குறைச்சா 15 நாள் ஆகும். நடுவுல ஒரு கல்யாணச் சாப்பாடு சாப்பிட்டா தண்ணி திரும்பி, ஒரே நாள்ல ஒரு கிலோ ஏறும். அது கொழுப்பே இல்ல. ஆனா எல்லாம் கெட்டுப்போச்சுன்னு நினைச்சு மொத்தமா கைவிடுறது அந்த இடத்துலதான்.

உழக்கு:
சப்பாத்தி கணக்கும் உதைக்குது. வெந்த சோறு 150 கிராம் 195 கலோரி. ஒண்ணுக்கு 30 கிராம் மாவுன்னு ரெண்டு சப்பாத்தி போட்டாலே 200. ஒவ்வொண்ணுக்கும் ஒரு டீஸ்பூன் எண்ணெய் விட்டா 290. இதுல என்ன குறைஞ்சது?
அரிசியை வேகவைக்கும் முன்னாடியே அளந்துடுங்க, வேளைக்கு 60 கிராம். சோறு எவ்வளவோ அதே அளவு பொரியல், கூடவே ரெண்டு முட்டை இல்லேன்னா 50 கிராம் கொண்டைக்கடலை ஊறவச்சு சுண்டல். புரதம் இருந்தா சீக்கிரம் பசிக்காது. அப்புறம் எண்ணெய்க் கேனைப் பாருங்க: நாலு பேர் வீட்டுல மாசம் 4 லிட்டர் தீர்ந்தா ஆளுக்குத் தினம் 33 மில்லி, கிட்டத்தட்ட 275 கலோரி. சார்ட்ல இதை யாரும் எழுதுறதில்ல!

பத்துமணி இட்லி:
7 மணி விதிக்கு வர்றேன். 2022ல ஒரு ஆய்வு வெளியாச்சு, அதுல சீனாவுல, குவாங்சோவுல 139 பேரை ஒரு வருஷம் கவனிச்சாங்க. ரெண்டு குழுவுக்கும் ஒரே கலோரி வரம்பு. ஒரு குழு மட்டும் காலை 8லேர்ந்து மாலை 4க்குள்ள சாப்பிடணும். அவங்களுக்கு 8 கிலோ, மத்தவங்களுக்கு 6.3 கிலோ குறைஞ்சது. புள்ளியியல்படி அந்த வித்தியாசம் பொருட்படுத்துற அளவு இல்ல. இந்த விதி பலிக்குதுன்னா, டிவி முன்னாடி கொறிக்கிற மிக்சர் நின்னுபோறதாலதான். வேலை முடிஞ்சு 9 மணிக்கு வர்றவங்க பட்டினியாப் படுக்க வேண்டாம், மூணு இட்லி சாம்பாரோட சாப்பிடலாம்.

தராசு:
ஒண்ணு விட்டுப்போச்சு. சுகருக்கு இன்சுலினோ கிளிமெபிரைடு மாத்திரையோ எடுக்கிறவங்க சோத்தைத் திடீர்னு நிறுத்தவே கூடாது. சர்க்கரை சட்டுனு இறங்கி வேர்த்துக்கொட்டும், கை நடுங்கும், மயக்கமே வரலாம். டாக்டர்கிட்ட சொல்லி டோஸை மாத்தின பிறகுதான் அளவைக் குறைக்கணும்.