புதுப்பிப்பு: ஸ்டைல்ஷீட்டில் கொடுத்த அகலம் ஜாவாஸ்கிரிப்ட்டில் காலியாக வருவது

சுருக்கமாகக் கேள்வி: வலைப்பக்கத்தின் தோற்றத்தைச் சொல்லும் சிஎஸ்எஸ் கோப்பில் (ஸ்டைல்ஷீட்) டிவ்வுக்கு, அதாவது பக்கத்தில் உள்ள ஒரு பெட்டிக்கு, 300 பிக்சல் அகலம் இருக்கிறது, ஸ்கிரிப்ட்டில் ஸ்டைல்.விட்த் கேட்டால் வெற்று ஸ்ட்ரிங் (எழுத்துச் சரம்) வருகிறது, ஏன்?

காரணம் தெளிவு. ஸ்டைல் என்பது அந்த எலிமென்ட்டின் இன்லைன் ஸ்டைலை, அதாவது எலிமென்ட்டிலேயே நேரடியாகக் கொடுத்ததை மட்டுமே காட்டும், ஸ்டைல்ஷீட் பக்கமே போகாது. பிரவுசர் கடைசியில் கணக்கிட்ட மதிப்பைத் தரும் கெட்கம்ப்யூட்டட்ஸ்டைல் போட்டால் "300பிஎக்ஸ்" என்று ஸ்ட்ரிங்காகக் கிடைக்கும். கணக்குப் போட ஸ்ட்ரிங்கின் தொடக்கத்தில் உள்ள எண்ணை மட்டும் எடுக்கும் பார்ஸ்ஃப்ளோட் வழியாக எண்ணாக்கிக்கொள்ளுங்கள். அப்படியே 20-ஐக் கூட்டினால் ஸ்ட்ரிங்கின் பின்னால் ஒட்டிக்கொண்டு "300பிஎக்ஸ்20" ஆகிவிடும்.

ஆனால் எந்த அகலம் வேண்டும் என்பதில்தான் பலரும் சறுக்குகிறார்கள். இந்த டிவ்வுக்கு நாலு பக்கமும் பேடிங் (உள் இடைவெளி) 20, பார்டர் (விளிம்பு) 1 என்றால், அகலம் எதையெல்லாம் சேர்க்கும் என்று சொல்லும் பாக்ஸ்-சைசிங்கை மாற்றாத வரை கம்ப்யூட்டட் அகலம் 300தான். பேடிங்கையும் பார்டரையும் சேர்த்து எண்ணும் ஆஃப்செட்விட்த் 342 சொல்லும். டிரான்ஸ்ஃபார்மில் ஸ்கேல் 0.5 சேர்த்துப் பாதியாகச் சுருக்கினாலும் இரண்டும் அசையாது. கெட்பவுண்டிங்கிளையன்ட்ரெக்ட் மட்டும் 171 தரும். திரையில் தெரியும் அளவு அதுதான். ஆஃப்செட்விட்த் முழு எண்ணாகத்தான் வரும், தசமம் முக்கியமென்றால் அதை நம்பாதீர்கள்.

டிஸ்ப்ளே நன் கொடுத்து, இடமே பிடிக்காதபடி மறைத்திருந்தால் கதை வேறு: ஆஃப்செட்விட்த் 0. கம்ப்யூட்டட் அகலமோ 50% என்று எழுதியிருந்தால் "50%" என்றே திரும்பும், பிக்சலாக மாறாது. பார்ஸ்ஃப்ளோட் அதையும் சத்தமில்லாமல் 50 ஆக்கிவிடும்! மறைத்தபடியே அளக்க வேண்டுமென்றால் டிஸ்ப்ளே நன்னுக்குப் பதில் விசிபிலிட்டி ஹிடன் (கண்ணுக்குத் தெரியாது, அளவு இருக்கும்), பொசிஷன் அப்சல்யூட் (மற்றவற்றின் இடத்தைத் தள்ளாது) வைத்து அளக்கலாம். ஆனால் அப்சல்யூட் ஆனதும் சதவீதம் வேறு பெட்டியை வைத்துக் கணக்கிடப்படலாம், பேரன்ட்டுக்கு (டிவ்வைச் சுற்றியுள்ள வெளிப் பெட்டிக்கு) பொசிஷன் ரிலேட்டிவ் இருக்கிறதா பாருங்கள்.